பூட்டுக்கு ஏது கலர்?

அட்டைச் சக்கரத்தைக் காதோடு ஒட்டிவைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மெல்ல மெல்லத் திருப்புகிறார் ஃபவாஸ். இரும்புப் பெட்டி திறந்து பழகிய கை. உள்ளே 'க்ளிக்' என்று ஒரு சத்தம் கேட்க வேண்டும் என்று காத்திருக்கிறார். அட்டைக்குள் சத்தம் போட ஒன்றும் கிடையாது என்று வீட்டில் யாரும் சொல்வதில்லை. சொல்லிப் பார்த்து ஓய்ந்துவிட்டார்கள்.

அரபு நாட்டு அம்மான் நகரத்துப் பழைய கடைவீதியில் அவருக்குப் பூட்டுக்கடை. சாவியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டவர்களெல்லாம் அவரைத்தான் தேடி வருவார்கள். போய் ஒரு கம்பியை விட்டு நெம்பித் திறந்துவிட்டு, "கதவு உங்க மேல கோவமா இருந்துச்சு, சமாதானம் பண்ணி வெச்சிருக்கேன்" என்பார். வெள்ளிக்கிழமை கடை லீவு. தயிரில் வெந்த ஆட்டுக்கறியும் சோறும் ஒரு பிடி பிடித்துவிட்டு, தட்டுகள் நகர்ந்ததுமே கேட்பார்: "பெட்டி எங்க?"

அது மகள் ரனீம் பழக்கிவிட்ட விளையாட்டு. கடையில் வாங்குகிற பெட்டி. உள்ளே ஒரு கதை, படங்கள், புதிர்கள். பாழடைந்த மாளிகையிலோ மூழ்கும் கப்பலிலோ நாம் மாட்டிக்கொண்டதாக வைத்துக்கொள்ள வேண்டும். புதிரை விடுவித்து, வந்த எண்ணை அட்டைச் சக்கரத்தில் திருப்பினால் அது ஒரு சீட்டைக் காட்டும்; சரியான சீட்டைப் புரட்டினால் அடுத்த கதவு திறக்கும். வழியில் அட்டைகளை வெட்டச் சொல்வார்கள், மடிக்கச் சொல்வார்கள், கிழிக்கச் சொல்வார்கள். ஒரு முறை ஆடினால் பெட்டி குப்பைக்குத்தான்.

இங்கேதான் ஃபவாஸுக்கு வயிறு எரியும். "ஒருதரம் தொறந்துட்டு வீசறதுக்குப் பேரு பூட்டா? என் தங்கச்சி வீட்டுல ஆட வேணாமா?" பெட்டி வந்ததும் அத்தனை அட்டைகளையும் பக்கத்து ஜெராக்ஸ் கடைக்கு எடுத்துப் போவார். அசலைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, புதிருக்குத் துப்புச் சொல்லும் உதவிச் சீட்டுகளையும் சேர்த்து அலமாரியில் வைத்துத் தன் கையால் செய்த பூட்டைப் பூட்டுவார். வீட்டில் ஆடுவது ஜெராக்ஸில். ஜெராக்ஸோ கறுப்பு வெள்ளை. அதனால் அந்த வீட்டில் இதுவரை ஒரு பெட்டியும் கடைசிக் கதவுவரை போனதில்லை. நிறம் போனதுதான் காரணம் என்று ரனீம் ஒருநாள் சொல்லிவிட்டாள்.

"பூட்டுக்கு ஏது கலர்? நான் என்ன கலர் பாத்தா சாவி வெட்டறேன்? இந்தப் பெட்டி செஞ்சவனுக்குத் தொழில் தெரியல, அவ்வளவுதான்" என்றவர், அன்று இனிப்பைக்கூடத் தொடவில்லை. அவர் இனிப்பைத் தொடாவிட்டால் வீட்டில் யாருக்கும் தூக்கம் வராது.

இப்படிப்பட்ட மனிதரிடம்தான், யஸன் என்ற பையனைக் கட்டிக்கொள்ள ஆசைப்படுவதாக ரனீம் சொன்னாள். ஃபவாஸ் யோசித்துவிட்டுச் சொன்னார்: "வெள்ளிக்கிழமை வரச் சொல்லு. பெட்டியத் தொறந்தான்னா பெரியவங்கள அனுப்பட்டும். இதையே தொறக்கத் தெரியாதவன் குடும்பத்த எங்க நடத்தப் போறான்?"

ரனீம் அம்மாவைப் பார்த்தாள். அம்மா நஜ்லா அடுப்பைப் பார்த்தாள். திறக்கவே முடியாத பெட்டி என்று இருவருக்கும் தெரியும்.

யஸன் வந்தான். நன்றாகச் சாப்பிட்டான், நன்றாகப் புகழ்ந்தான். ஜெராக்ஸ் தாள்கள் மேஜையில் பரவின. முதல் இரண்டு கதவுகளை மளமளவென்று திறந்தான். ஃபவாஸின் மீசைக்குள் ஒரு சிரிப்புக்கூட வந்துபோனது. மூன்றாவதுதான் கடைசிக் கதவு; அதில் கிணற்றுக்குள் பின்னிக்கிடக்கிற நாலு கயிறுகள். சிவப்பு, பச்சை, நீலம், மஞ்சள் என்ற வரிசையில் அவற்றின் முனைகளில் உள்ள எண்களைப் படிக்க வேண்டும். தாளில் நாலும் ஒரே கறுப்பு.

யஸனுக்குப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. ஆனால் விருந்துக்கு வந்த வீட்டில் உட்கார்ந்துகொண்டு, வீட்டுக்காரர் கொடுத்த தாள் சரியில்லை என்று எந்த வாயால் சொல்வது? மேஜைக்கடியில் ரனீம் அவன் காலை மிதித்தாள்.

"என்ன தம்பி, மாட்டிக்கிச்சா?" என்றார் ஃபவாஸ், சக்கரத்தைக் காதிலிருந்து எடுக்காமலே.

அந்த நேரம் நஜ்லா கசப்புக் காப்பியை ஆளுக்கொரு சின்னக் கிண்ணத்தில் ஊற்றி நீட்டினாள். யஸன் வாங்கினான். குடிக்காமல் தன் முன்னால் மேஜையில் வைத்துவிட்டான்.

நஜ்லாவின் கை அப்படியே நின்றது. பெண் கேட்கவோ பகை தீர்க்கவோ வருகிற பெரியவர்கள் செய்கிற காரியம் அது. கேட்டது கிடைக்கும் என்று வீட்டுக்காரர் வாக்குக் கொடுக்கும்வரை காப்பி உதட்டில் படாது. வந்தவர் குடிக்காமலே எழுந்து போனால் அந்த வீட்டுக்கு மானக்கேடு.

ஃபவாஸின் முகம் சிவந்தது. "பெரியவங்க இல்லாம, தனியா, இப்பவேவா? என்ன துணிச்சல்டா உனக்கு!"

யஸன் தலையைக் குனிந்தபடி இருந்தான். கிண்ணத்தைத் தொடவில்லை.

பூட்டுக்காரர் எதை விட்டாலும் மரபை விடமாட்டார். பல்லைக் கடித்துக்கொண்டு, "குடி. கேட்டது கெடைச்சுது. என்ன வேணும், சொல்லித் தொலை" என்றார்.

யஸன் காப்பியைக் குடித்துவிட்டுப் பணிவாகச் சொன்னான். "அசல் அட்டைய ஒருதரம் பாக்கணும் மாமா."

கொடுத்த வாக்கு. ஃபவாஸ் எழுந்துபோய் அலமாரியைத் திறந்தார். உறையை உருவி, அட்டையை மேஜையில் போட்டார். கிணற்றுக்குள் சிவப்பாய், பச்சையாய், நீலமாய், மஞ்சளாய் நாலு கயிறுகள் பளபளவென்று தொங்கின.

நஜ்லா கூரையைப் பார்த்தாள்.

"நீங்களே திருப்புங்க மாமா" என்றான் யஸன்.

ஃபவாஸ் இந்த முறை சக்கரத்தைக் காதில் வைக்கவில்லை. கண்ணால் பார்த்துத் திருப்பினார். சக்கரம் காட்டிய சீட்டை எடுத்துப் புரட்டினார். 'கதவு திறந்தது, நீங்கள் தப்பித்துவிட்டீர்கள்' என்றது சீட்டு. இத்தனை வெள்ளிக்கிழமைகளும் அவர் மனதில் வரிசையாக வந்து நின்றிருக்க வேண்டும். காது மடல்வரை சிவந்துபோனார் மனிதர்.

பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, தன் பங்குக் காப்பியை எடுத்து, குடிக்காமல் யஸனுக்கு எதிரே வைத்தார்.

"எனக்கும் ஒரு காரியம் ஆகணும்."

"சொல்லுங்க மாமா."

"வர்ற வியாழக்கிழமை உங்க பெரியவங்க பொண்ணு கேட்டு வரட்டும். ஆனா அவங்க காதுல இந்தக் கயிறு விஷயம் விழக்கூடாது."

ரனீம் வாயைப் பொத்திக்கொண்டாள். யஸன் முதுகை நிமிர்த்தி, மீசையே இல்லாத இடத்தில் ஒருதரம் தடவிக்கொண்டு, "குடிங்க மாமா, கேட்டது கெடைச்சுது" என்றான்.

ஃபவாஸ் கிண்ணத்தை எடுத்து, ஆறிப்போன காப்பியை அடி வண்டல்வரை ஒரே மடக்கில் குடித்தார்.