உடையாத நாலாவது கல்

இது நடந்தது. பிளஸ்ஸி சொல்லும்போது யாராவது சிரித்தால், அன்றைய பதிவுத் தாளை எடுத்து முன்னால் போடுவாள்.

தக்கலைப் பக்கம் ஒரு கல்லூரியின் பாறைச் சோதனைக் கூடத்தில் அவளுக்கு வேலை. குவாரிகளிலிருந்து வரும் உருளைக் கற்களை எந்திரத்தில் வைத்து, உடையும்வரை அழுத்த வேண்டும். உள்ளே விழும் விரிசல்களின் சத்தத்தை, கல்லில் ஒட்டிய சென்சார் ஸ்பீக்கரில் கேட்க வைக்கும்.

அன்று சனிக்கிழமை மதியம். ஒரு குவாரியில் போன வருடம் சரிந்த பாறையிலிருந்து எடுத்த நான்கு கற்கள். மூன்று, முப்பத்தைந்து டன்னுக்குள் உடைந்துவிட்டன. நாலாவதை வைத்தாள்.

மணி 3:12. இன்னும் அழுத்தவே தொடங்கவில்லை.

டிக். டிக். டிக்.

வயரை மாற்றினாள். மறுபடியும் மூன்று.

ஸ்பீக்கரை அணைத்தாள். சத்தம் நிற்கவில்லை… கல்லிலிருந்தே வந்தது.

கூட வேலை பார்க்கும் லிஜோ கதவுக்கு வந்துவிட்டான். “ஏட்டி, வா… போயிருவோம்.”

“நீ போ. ஆரு பயங்காட்டுனாலும் இத முடிக்காம நான் எழும்ப மாட்டேன்.”

முப்பத்தைந்து டன். ஐம்பது. கல் உடையவில்லை. தட்டல் வேகமெடுத்தது.

3:31. அறுபது டன்.

எந்திரத்தின் எல்லை அதுதான். கல்லருகே குனிந்து கேட்டாள்.

“ஆரு நீ?”

தட்டல் நின்றது.

கல்லுக்குள்ளே… யாரோ மூச்சை இழுத்தார்கள்.

அத்தனையையும் நேரத்தோடு அறிக்கையில் எழுதினாள். குவாரி மேலாளர் போனில் கத்தினார். “அந்தக் கடைசி வரிய வெட்டிக் களயும்மா!”

“கேட்டத எழுதியிருக்கேன் சார். வெட்ட மாட்டேன். அந்தப் பாறைக்கடியில ஆரு கிடக்கா?”

போன் துண்டிக்கப்பட்டது.

திங்கட்கிழமை அவளே குவாரிக்குப் போய் விசாரித்தாள். வாசலில் டீக்கடை வைத்திருந்த முத்துக்கனி அழுதாள். அவள் கணவர் பகவதியப்பன் அந்தக் குவாரியில்தான் வேலை பார்த்தார். பாறை சரிந்த நாளிலிருந்து ஆளைக் காணவில்லை. அதற்கு முந்தின நாளே வேலையை விட்டுப் போய்விட்டார் என்று குவாரியில் எழுதிக் கொடுத்திருந்தார்கள்.

இரண்டு பெண்களும் அந்த அறிக்கையோடு கலெக்டர் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்தார்கள். மிரட்டல் வந்தது. எழும்பவில்லை. நாலாம் நாள், பாறையை அகற்ற உத்தரவு வந்தது.

அடியில் ஒரு ஆள் உட்காரும் அளவுக்குப் பொந்து. உள்ளே பகவதியப்பனின் எலும்புகள். ஒன்றுகூட முறியவில்லை. கையருகே சுத்தியல். பக்கப் பாறையில் ஒன்பது கோடுகள் கீறியிருந்தன.

சரிவுக்கு அடுத்த நாளே குவாரியில் வேலை தொடங்கிவிட்டது. தினமும் மதியம் ஒரு வெடி வைப்பார்கள்.

அவர் ஒவ்வொரு வெடியையும் எண்ணியிருக்கிறார்.