அக்கா பெஞ்சிலேயே இருந்த ஏழு மாதங்கள்

கர்த்தருக்குள் இளைப்பாறச் சென்றுவிட்ட எங்கள் அக்காவின் முதலாம் ஆண்டு நினைவுக் கூடுகைக்கு வந்து, இந்த மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் சபையாருக்கும் தங்கையின் வணக்கம். அட்டையில் உள்ள படத்தை நான் தேர்ந்தெடுக்கவில்லை. அக்காவைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு கம்பெனிப் பெண்கள் சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள். அவருடன் கூடப் பிறந்தவள் நான் ஒருத்திதான். அந்தப் படத்தில் நான் இல்லை. பார்த்ததும் வயிறு எரிந்தது. அக்காவைப் பற்றி உண்மையாக எழுதுவதென்றால் என் வயிற்றெரிச்சலையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும்.

அக்கா பிறந்தது மணிமங்கலத்தை அடுத்த எங்கள் ஊரில், சபைக் கோயிலுக்கு நான்கு வீடு தள்ளி. அப்பா மிஷன் பள்ளி ஆசிரியர். எனக்கு நான்கு வயதில் அம்மா காலமானார்; அக்காவுக்கு அப்போது பன்னிரண்டு. எனக்குத் தலை பின்னியதும் சோறு ஊட்டியதும் அவர்தான். ஒருநாள் தன் பங்குப் பொட்டுக்கடலையை வேறொரு பிள்ளைக்கு அவர் கொடுத்துவிட்டார் என்று அந்தப் பிள்ளையின் கையை நான் கடித்து வைத்தேனாம். இதை அக்கா சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். என் குணம் அப்போதே அப்படி.

அக்காவுக்கு வாய்த்த கணவர் தங்கமானவர், லாரி மெக்கானிக். பிள்ளை இல்லை. கலியாணமான ஒன்பதாம் வருடம் தண்டலம் அருகே ஒரு சாலை விபத்தில் அவர் போய்விட்டார். அக்கா வெள்ளைச் சேலைக்கு மாறி அப்பா வீட்டுக்கே திரும்பினார். ஒரு தையல் மிஷினை வைத்துக்கொண்டு யாரிடமும் கையேந்தாமல் பிழைத்தார். ஆனால் கோயில் இருக்கும் திசையில் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை. "அவரு என்னைக் கேக்காம எடுத்துக்கினாரு. நான் எதுக்கு அவரு வூட்டுக்குப் போவணும்?" இதுதான் அவர் பதில். கோயிலில் ஆர்மோனியம் வாசிப்பவள் நான், மாதர் சங்கத் தலைவியும் நான். பதினோரு வருடம் கெஞ்சினேன். உபவாசம் இருந்தேன். போதகர்களை வீட்டுக்கே கூட்டி வந்தேன். அக்கா எல்லாருக்கும் காபி கொடுத்து அனுப்பிவிடுவார்.

அப்புறம் ஒரகடத்திலும் ஸ்ரீபெரும்புதூரிலும் வரிசையாகக் கம்பெனிகள் வந்தன. அக்கா பின்பக்கம் இரண்டு அறை எழுப்பி வாடகைக்கு விட்டார். திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துப் பெண்கள் வந்து தங்கினார்கள். ஷிப்ட் முடிந்து வந்தால் அக்கடா என்று படுக்க மாட்டார்கள். முழங்கால் போட்டு ஜெபம் பண்ணுவார்கள். ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் எப்சிபா என்ற பெண் தையல் மிஷினுக்கு முன்னால் வந்து நின்று, "யம்மா, நாங்க ஜெபம் பண்ணப் போறோம். நீங்க ஒண்ணும் பேசாண்டாம். சும்மா வந்து இரிங்க" என்றாளாம். அக்கா போய் உட்கார்ந்தார். ஒரு மணி நேரம் அழுதார். அந்த ஞாயிறே கோயிலுக்கு வந்து மூன்றாம் பெஞ்சில் அமர்ந்தார்.

நான் பதினோரு வருடம் இழுத்தும் நகராத தேரை நேற்று வந்த ஒரு பெண் நகர்த்திவிட்டாள். எல்லாரும் ஸ்தோத்திரம் சொன்னார்கள். நானும் சொன்னேன், பல்லைக் கடித்துக்கொண்டு.

அதன்பின் எங்கள் சபையில் நடந்ததை நீங்கள் அறிவீர்கள். வயதானவர்கள் தூங்கி வழிந்த கோயிலில் உட்கார இடமில்லாமல் வெளியே பாய் விரித்தோம். காலை ஷிப்டுக்குப் போகிறவர்களுக்காக ஞாயிறு மாலையிலும் ஆராதனை ஏற்பட்டது. கம்பெனிப் பெண்கள் கைதட்டிப் பாடுகையில் என் ஆர்மோனியம் எனக்கே கேட்காது. தெற்கத்திக் கோயில்களின் அசனத்தை, சபை முழுதும் ஒரே பந்தியில் சாப்பிடும் விருந்தை, அவர்கள்தான் இங்கே கொண்டுவந்தார்கள். அக்கா அடுப்படியில் நின்று சோறு வடித்தார். பேச்சை நிறுத்தியிருந்த பங்காளிகள் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்தார்கள். தூங்கிய சபை விழித்தெழும் எழுப்புதல் இதுதான் என்றார் போதகர் ஐயா. இல்லை என்று நான் சொல்ல முடியாது.

ஒருநாள் தாங்காமல் கேட்டுவிட்டேன். "அக்கா, இப்பல்லாம் நான் உன் கண்ணுக்கே தெரியறதில்ல."

"இன்னாடி கொழந்தையாட்டம் பேசற? ஒனக்கு வூட்டுக்காரரு கீறாரு, ரெண்டு புள்ளைங்க கீது. இதுங்களுக்கு இங்க யாரு கீறாங்க?" என்றார். நியாயம்தான். ஆனால் பொறாமைக்கு நியாயம் எங்கே தெரியும்?

அடுத்த கோடையில் ஒரு சனிக்கிழமை, படப்பையில் துக்கம் விசாரித்துவிட்டு, குடையைப் பிடித்துக்கொண்டு ஏரிக்கரை வழியாக நடந்து வந்தேன். கரையில் கம்பெனிப் பெண்கள் கூடியிருந்தார்கள். வெளியூர் நற்செய்தி ஊழியர் ஒருவர் இடுப்பளவு தண்ணீரில் நின்று முழுக்கு ஞானஸ்நானம் கொடுத்துக்கொண்டிருந்தார். அப்போது வெள்ளைச் சேலை உடம்போடு ஒட்ட, தலையிலிருந்து தண்ணீர் சொட்ட, அக்கா கரையேறி வந்தார். எங்கள் சபையில் குழந்தையிலேயே ஞானஸ்நானம் ஆகிவிடும். இரண்டாம் முறை முழுக்கு எடுத்தவர் மன்னிப்புக் கடிதம் கொடுக்கும்வரை அப்பமும் ரசமுமான திருவிருந்து வாங்க முடியாது. இவ்வளவு பெரிய காரியத்தைச் செய்த அக்கா என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்ற ஆத்திரம் கண்ணை மறைத்தது. மறுநாளே சபைக் கமிட்டிச் செயலரிடம், "என் கண்ணால பாத்தேன். என் பேர் மட்டும் வெளிய வரக் கூடாது" என்று சொல்லிவிட்டேன்.

கமிட்டி அக்காவை அழைத்துக் கேட்டது. தண்ணீரில் இறங்கினீர்களா? "எறங்கினேன்." முழுகினீர்களா? "முழுகினேன்." மன்னிப்புக் கடிதம் தருவீர்களா? "அது முடியாதுங்க." அத்துடன் முடிந்தது.

மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து. வரிசை வரிசையாக எழுந்து பீடத்துக்குப் போவோம். மூன்றாம் பெஞ்சில் அக்கா முழங்காலை ஒதுக்கி மற்றவர்களுக்கு வழிவிட்டுவிட்டு, தனியே இருப்பார். ஆர்மோனியத்திலிருந்து பார்த்தால் நேரே தெரியும். முதல் மாதம் எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது, ஆண்டவர் மன்னிக்கட்டும். மூன்றாம் மாதம் அந்தப் பக்கம் பார்க்காமலே வாசித்தேன். ஆனாலும் நான் வாயைத் திறக்கவில்லை. இப்படி ஏழு மாதம் போயிற்று.

அதற்குள் அக்காவுக்குச் சிறுநீரகம் பழுதாகி, வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்குமாக அலைந்தார். ஒருநாள் நான் கோயிலில் பாட்டுப் புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது எப்சிபா போதகர் ஐயாவிடம் வந்து அழுதாள்.

"ஐயா, முழுக்கு எடுத்தது நான். எனக்குத் தண்ணின்னா பயம். யம்மாவக் கையப் புடிச்சிக்கிடச் சொன்னேன். சேத்துல வழுக்கி ரெண்டு பேரும் விழுந்துட்டோம். எங்கப்பா ஊர்ல நம்ம சபையிலதான் உபதேசியார். இது தெரிஞ்சா அவரு வேலைக்கே ஆபத்துன்னு யம்மா என்ன வாயத் தெறக்க விடல. நேத்து அப்பாட்ட போன்ல நானே சொல்லிட்டேன். இனி என்ன வந்தாலும் வரட்டும்."

அன்று மாலையே போதகர் ஐயா அக்காவின் கட்டிலண்டை திருவிருந்தைக் கொண்டுவந்தார். அக்காவோடு சேர்ந்து அதை வாங்க யாரை அழைக்கட்டும் என்று கேட்டார். எப்சிபா வாசலில்தான் நின்றாள். அக்கா என்னைக் காட்டினார்.

போதகர் ஐயா போனபின் கட்டிலருகே உட்கார்ந்து, "அக்கா, கமிட்டியில போய்ச் சொன்னது..." என்று ஆரம்பித்தேன்.

"தெரியும்டி. உன் பூப்போட்ட குடைய ஏரிக்கரையிலயே பாத்துட்டேன்."

"அப்ப அவங்க கேட்டப்பவாச்சும் நடந்ததச் சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா அந்தப் பொண்ணும் மாட்டிக்கும். பொய்ச்சாட்சி சொன்னேன்னு உன்னையும் பந்தியிலேருந்து நிறுத்தியிருப்பாங்க. ஒரு வூட்ல ரெண்டு பேரும் பட்டினி கெடக்கணுமா? ஒருத்தி கெடந்தா போதாதா?"

மூன்று வாரத்தில் அக்கா கண்மூடினார். அடக்கத்துக்குக் கம்பெனிச் சீருடையோடு வந்த பெண்கள் என்னைவிடச் சத்தமாக அழுதார்கள். அங்கேயும் எனக்குப் பொறாமை வந்தது.

அக்காவைத் தாயாக நினைத்துக் கவனித்த செவிலியர்களுக்கும், ஓவர்டைமை விட்டுவிட்டு வந்து ரத்தம் கொடுத்த பெண்களுக்கும், மகளோடு வந்து கல்லறையில் மண் போட்ட எப்சிபாவின் தகப்பனாருக்கும், எங்கள் போதகர் ஐயாவுக்கும் குடும்பத்தின் சார்பில் நன்றி. இதையெல்லாம் அச்சில் போடாதே என்று தடுத்துப் பார்த்துவிட்டு, பிறகு தானே பிழை திருத்திக் கொடுத்த என் கணவருக்கும் நன்றி.

சபையாருக்கு ஒரு வேண்டுகோள். வரும் முதல் ஞாயிறு தொடங்கி ஏழு மாதம், திருவிருந்து நேரத்தில் நான் ஆர்மோனியத்தை விட்டு மூன்றாம் பெஞ்சில் வந்து உட்காருவேன். போதகர் ஐயாவிடம் சொல்லிவிட்டேன். என்னைத் தாண்டிப் போங்கள். யாரும் எழுப்ப வேண்டாம். ஒருத்தி பட்டினி கிடந்தால் போதும் என்றார் அக்கா. அந்த ஒருத்தி நானாக இருந்திருக்க வேண்டும்.