ஏலத்தில் போன என் சேவல்

கையெழுத்தும் எழுத்துப் பிழைகளும் மோசமாக இருக்கும், மன்னியுங்கள். ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான்.

கருங்கல் பக்கம் முந்திரி ஆலையில் மூட்டை சுமக்கிறேன். வியாபாரம் இல்லை என்று முதலாளி மூன்று மாதமாகப் பாதிக் கூலிதான் தந்தார். பாவம் என்று நம்பினேன்.

எங்கள் சபைக் கோயிலில், அதாவது சர்ச்சில், நடந்த அறுப்புப் பண்டிகையில், நான் காணிக்கையாகக் கொடுத்த சேவலை ஏலம் விட்டார்கள். முதலாளி பத்தாயிரம் ரூபாய்க்கு எடுத்தார். எல்லோரும் கைதட்டினார்கள், நானும் தட்டினேன். பிறகுதான் தொகை மண்டையில் ஏறியது. கை அப்படியே நின்றுவிட்டது.

பெண்கள் பக்கத்திலிருந்து என் மனைவி எழுந்தாள். "மொதலாளி, சேவலுக்குக் குடுக்க பைசா உண்டு, அத வளத்த மனுசனுக்க கூலிக்கு இல்லியா?"

"கோயில்ல வச்சா இத கேக்கது?" என்றார் அவர்.

"அப்போ நாளைக்கு லேபர் ஆபீசுல வச்சு கேக்கேன், மொதலாளி" என்றது ஒரு குரல். அது என்னுடையது என்று அறிந்து நானே திகைத்தேன்.

சொன்னபடி போய் மனு கொடுத்தேன். குறைத்த கூலி முழுவதும் வந்தது. ஆனாலும் அந்தக் கைதட்டல் காதைவிட்டுப் போகவில்லை. அதில் என்னுடையதும் இருந்தது.

10 நவம்பர் 2024, ஞாயிறு.