மணியம் அண்ணன் கடைசியாகக் கேட்டது

தண்ணீர் இல்லை, அண்ணி. எத்தனை தரம் கேட்டாலும் நான் இதைத்தான் சொல்வேன். அன்று பிற்பகல் அண்ணன் கேட்டது தண்ணீர் இல்லை. துக்கம் கேட்க வருகிறவர்களிடமெல்லாம், "தண்ணி கேட்டாரு, கொடுத்தேன், குடிச்சிட்டு அமைதியாயிட்டாரு" என்று சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். நானும் அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். என் கண் ஒன்றில் பூ விழுந்திருந்தாலும் மற்றது நன்றாகவே தெரியும்.

அண்ணியோடு எனக்கு உள்ள இந்த வழக்கை அண்ணனை அறிந்த உங்கள் எல்லோர் முன்னாலும் வைக்கிறேன். மலாக்கா காஜா பெராங்கில் செட்டிகள் கூடி வாழ்கிற கம்பத்து மணியம் அண்ணன், மந்திரம் பாடுகிற மணியம், போய்விட்டார்.

செய்தி வந்தபோது நான் பத்து பெரெண்டாம் என்ற ஊருக்குப் போகிற பஸ்ஸில் டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்தேன். அன்று பிற்பகல்தான் அவரைப் பார்த்துவிட்டு வேலைக்குக் கிளம்பியிருந்தேன். வழியில் ஏறிய மீன்கார மலாய்க்காரர், "உன் பாடகர் போயிட்டாராமே" என்றார். "எங்க போனாரு?" என்று கேட்டேன். என் வாய் எப்போதும் அப்படித்தான். அவர் சில்லறையோடு நீட்டிய கையை மெதுவாக மடக்கிக்கொண்டார். அதற்குப் பிறகு அந்தப் பஸ்ஸில் நான் யாருக்கும் டிக்கெட் கொடுக்கவில்லை. யாரும் கேட்கவும் இல்லை.

மலாக்கா செட்டிகள் பலரையும் போல அண்ணன் கும்பிட்டது பிள்ளையாரை, பேசியது மலாய். தமிழ் தெரியாது. வளர்ந்து மீசை வைத்த பிறகு, துக்காங் எமாஸ் தெருக் கோவிலில் விளக்குப் போடப் போனார். போன இடத்தில் குருக்கள் மந்திரம் சொல்லச் சொல்லக் காதில் வாங்கிக்கொண்டார். குருக்கள் இந்தியாவிலிருந்து வந்தவர், அவருக்கு மலாய் தெரியாது. வருஷக்கணக்கில் இருவரும் மந்திரம் தவிர வேறு பேசியதில்லை. அதனால் ஒரு சண்டையும் வந்ததில்லை. எனக்கும் என் பெண்டாட்டிக்கும் அப்படி ஒரு பாஷை அமைந்திருக்கலாம் என்று நான் சொல்வதுண்டு.

பிறகு கல்யாணம், புதுவீடு, கடை திறப்பு எல்லாவற்றுக்கும் அவரைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றுவிட்ட எனக்கும் கூடவே ஒரு உத்தியோகம் கிடைத்தது. அவருக்குச் சுருதிப் பெட்டி போடுகிற உத்தியோகம். வெள்ளைச் சட்டை, மினுங்குகிற பொத்தான், பத்திக் சாரோங், பலகாரம் சுடலாம் போலத் தலையில் எண்ணெய். இத்தனை அலங்காரத்தோடு உட்கார்ந்து அவர் வாயைத் திறந்தால், சத்தம் போட்டுக்கொண்டிருக்கிற சமையல்காரன்கூட அடங்கிவிடுவான்.

பாடி முடித்ததும், "அண்ணே, இதுக்கு என்ன அர்த்தம்?" என்று சனங்கள் கேட்பார்கள். அவர் என்னைப் பார்ப்பார். அதற்காகவே நான் அவருக்கு இரண்டு வார்த்தை தமிழ் சொல்லிக்கொடுத்திருந்தேன்.

"மழை பெய்யும்."

எந்த மந்திரமாக இருந்தாலும் அர்த்தம் அதுதான். சனங்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். கிளேபாங் கடலோரத்தில் ஒரு கல்யாணத்தில் அவர் அப்படிச் சொல்லி வாய் மூடவில்லை, மழை கொட்டியது. பந்தல் சாய்ந்து, சோற்றுச் சட்டியில் தண்ணீர் நின்றது. பெண்ணைப் பெற்றவர் என்னிடம் ஓடிவந்து, "யோவ், போதும்னு சொல்லுய்யா அந்தாளுகிட்ட" என்றார். அண்ணன் குடையை விரித்துச் சுருதிப் பெட்டிக்குப் பிடித்தார். நாங்கள் இருவரும் நனைந்தோம். வீடு வரும்வரை சிரித்தோம்.

மெர்டேக்கா என்று சுதந்திரம் வந்த சமயம் வானொலியிலிருந்து ஆட்கள் பதிவு செய்கிற மெஷினோடு கோவிலுக்கு வந்தார்கள். தமிழ் நிகழ்ச்சியில் போடுவதற்கு ஒரு மந்திரம் வேண்டும், பாடுகிறவர் முதலில் தன் பெயரையும் ஊரையும் தமிழில் சொல்ல வேண்டும் என்றார்கள். பஸ்ஸிலேயே வைத்து அவருக்குப் பாடம் எடுத்தேன். "வணக்கம். என் பேரு மணியம். நான் மலாக்காவுல பாடுறேன்." பஸ்ஸில் வருகிறவர்களெல்லாம் வாத்தியார்கள் ஆனார்கள். சந்தைக்குப் போகிற கிழவி ஒருத்தி, "இன்னிக்கு நல்லா சொல்றியே தம்பி" என்று அவருக்கு வாழைப்பழம் கொடுத்தாள்.

மைக் முன்னால் உட்கார்ந்தார். "வணக்கம்" என்றார். அங்கேயே நின்றுவிட்டார். என்னைப் பார்த்தார். நான் வாயை அசைத்துக் காட்டினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு விநாயகர் மந்திரத்தை முழுதாகப் பாடி முடித்தார்.

"ரொம்ப நல்லா இருக்கு ஐயா. ஆனா பேரு சொல்லணுமே" என்றார் மெஷினோடு வந்த இளைஞர். மறுபடி வணக்கம், மறுபடி மந்திரம். பிறகும் அப்படியே. கடைசியில் அவர்கள் கம்பியைச் சுற்றிக்கொண்டு போனார்கள். அவர்கள்மேல் தப்பு சொல்ல ஒன்றுமில்லை.

திரும்பி வரும்போது, "மழை பெய்யும்னாவது சொல்லியிருக்கலாமே" என்று சீண்டினேன். அண்ணன் சிரிக்கவில்லை. "பேசச் சொன்னா எனக்கு ஒண்ணுமே இல்லாத மாதிரி ஆயிடுதுலா" என்றார். "பாடும்போதுதான் எல்லாம் கைக்கிட்ட இருக்கு." அவரும் அண்ணியும் மலாயில் சொன்னதைத்தான் நான் தமிழில் எழுதுகிறேன்.

போன வருஷம் குளியலறையில் விழுந்தார். வாதம். வலது கை, கால் போயிற்று. பேச்சு சுத்தமாகப் போயிற்று. ஆமாம், இல்லை என்றுகூடச் சொல்ல வரவில்லை. வாய் கோணி, கண்ணில் தண்ணீர் மட்டும் வரும். ஒருநாள் என்ன செய்வதென்று தெரியாமல் சுருதிப் பெட்டியை எடுத்து மடியில் வைத்து ஊதவிட்டேன். அண்ணன் பாட ஆரம்பித்தார். ஒரு எழுத்து பிசகவில்லை. அண்ணி சமையலறையிலிருந்து கரண்டியோடு ஓடிவந்து, "நல்லாயிட்டாரு, நல்லாயிட்டாரு" என்றார். பாட்டு முடிந்ததும், "எங்க, என் பேரைச் சொல்லுங்க" என்று குனிந்து கேட்டார். மறுபடி அதே மந்திரம்தான் வந்தது. பேச்சு வேறு, பாட்டு வேறு, சிலருக்கு இப்படி ஆவதுண்டு என்றார் டாக்டர்.

அதன் பிறகு பசித்தாலும் மந்திரம், வலித்தாலும் மந்திரம். விநாயகர் என்றால் கோப்பி, அம்மன் என்றால் திரும்பிப் படுக்க வேண்டும் என்று நானும் அண்ணியும் சட்டம் போட்டுக்கொண்டோம். சட்டம் எங்களுடையது, அவருக்கு அதில் பங்கில்லை. கோப்பியைக் கொண்டுபோனால் மூத்திரச் சட்டியைப் பார்ப்பார். "சாமி பேரச் சொல்லி இதையா கேப்பீங்க?" என்பேன். பாதி வாயால் சிரிப்பார்.

அந்தக் கடைசிப் பிற்பகல் அவர் பாடியது, அதுவரை படுக்கையில் பாடாத ஒன்று. கடை திறப்புகளில் பாடுவாரே, அது. அதிலும் முதல் வரி மட்டும், திரும்பத் திரும்ப. இடது கை வாசல் பக்கம் அசைந்தது. கதவைத் திறந்தேன். இல்லை. ஜன்னலைத் திறந்தேன். இல்லை. கோப்பி, தலையணை, செருப்பு, வெள்ளைச் சட்டை, சுருதிப் பெட்டி ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து காட்டினோம். ஒவ்வொன்றுக்கும் கையை உதறினார். குரல் ஏறிக்கொண்டே போனது. தெருவில் போகிற யாருக்கும் எவ்வளவு நன்றாகப் பாடுகிறார் என்றுதான் தோன்றியிருக்கும். உள்ளே நாங்கள் இருவரும் திருடர்கள் மாதிரி வீட்டைக் கிளறிக்கொண்டிருந்தோம்.

அப்போதுதான், அண்ணி, நீங்கள் தண்ணீரைக் கொண்டுவந்து வாயில் ஊற்றினீர்கள். குடித்தார். அடங்கினார். கேட்டது கிடைத்ததால் அடங்கினார் என்கிறீர்கள். இவர்களுக்குப் புரியப்போவதில்லை என்று தெரிந்து அடங்கினார் என்கிறேன் நான். அப்போது அவர் என்னைப் பார்த்தார். மைக் முன்னால் பார்த்தாரே, அதே பார்வை. இந்தத் தடவை எனக்கும் வாயை அசைத்துக் காட்ட ஒன்றும் தெரியவில்லை.

அவருடையதென்று என்னிடம் இருப்பது சுருதிப் பெட்டி. அண்ணிதான் கொடுத்தார். வீட்டில் சும்மா ஊதவிடுகிறேன். நான் பாடினால் அக்கம்பக்கத்தார் வீடு மாறிவிடுவார்கள், அதனால் அது மட்டும் ஊதிக்கொண்டிருக்கிறது.

இதை எழுதி எடுத்துக்கொண்டு அண்ணியிடம் படித்துக்காட்டப் போனேன். பொங்கலுக்கு முந்தின நாள். அவர்கள் வழக்கப்படி இறந்தவர்களுக்குப் பார்ச்சு என்று படையல் வைக்கிற நாள். வாழையிலையில் சோறு, மீன் குழம்பு, பலகாரம் எல்லாம் வைத்து, கதவைச் சாத்திவிட்டு வீட்டார் வெளியே இருக்க வேண்டும். இறந்தவர்கள் வந்து சாப்பிட்டுப் போவார்கள். இலைக்குப் பக்கத்தில் கோப்பி இருந்தது. நாற்காலியில் வெள்ளைச் சட்டை, தலையணை. கீழே செருப்பு. ஜன்னல் திறந்திருந்தது. அன்று நாங்கள் காட்டியது கிட்டத்தட்ட எல்லாம் இருந்தது. நடுவில் ஒரு செம்பு தண்ணீர்.

நான் வாசலில் நின்றபடி முதலிலிருந்து மலாயில் மாற்றிப் படித்தேன். "தண்ணீர் இல்லை, அண்ணி" என்ற இடத்தில் அவர் இலையை நேராக்கிக்கொண்டிருந்தார். மழை பெய்யும் என்ற இடத்தில் லேசாகச் சிரித்தார். கடைசிப் பிற்பகலுக்கு வந்ததும் எழுந்தார்.

"சுடாலா, போதும் தம்பி. வெளிய வா, அவரு சாப்பிடணும்."

"இன்னும் கொஞ்சம்தான் அண்ணி. அடுத்த பக்கம்..."

"சுருதிப் பெட்டிய கொண்டாந்தியா?"

கொண்டுவரவில்லை என்றேன். அண்ணி என்னை ஒரு பார்வை பார்த்தார். கதவைச் சாத்தினார். முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு கோவில் பக்கமாக நடந்தார்.

அடுத்த பக்கத்தில்தான், அது தண்ணீராகவும் இருந்திருக்கலாம் என்று எழுதியிருந்தேன்.