ராணி முகம் வெடித்த கோடை

ஆம்பளை முகத்தில் பொம்பளை முகம் வரைவது பாதி வேலைதான். நாடகம் முடிகிறவரை அது வெடிக்காமல் பார்த்துக்கொள்வதுதான் மீதி. அந்த மீதிக்கு யாரும் கைதட்டுவதில்லை. ஒப்பனைப் பெட்டி தூக்கும் சகாக்களே, கல்யாண மேக்கப் போடும் அக்கா தங்கச்சிகளே, உங்களுக்கே தெரியும். எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தவர் யாருமில்லை. தூக்கம் வராத மனுஷன், ஒரு இடத்தில் உட்காரவும் மாட்டேன், அதனால் நாடக செட்டோடு சுற்ற ஆரம்பித்தேன். பல பேர் முகத்தைக் கெடுத்துத்தான் தொழில் கற்றேன்.

தண்ணீர் திறப்பு

எங்கள் செட்டில் ராணி வேஷம் கலியமூர்த்திக்கு. அன்று குடவாசல் பக்கத்தில் கோயில் திருவிழா. மழித்த தாடியின் பச்சை நிறம் தெரியக் கூடாதென்று நான் பவுண்டேஷனை அப்பினேன். அதன்மேல் பவுடர், வேர்வை வந்ததும் மறுபடி பவுடர். ராணி முதல் பாட்டுக்கு வாயைத் திறந்தார். மூக்கோரத்திலிருந்து தாடை வரைக்கும் ஒரே கோடு. முன்வரிசையில் ஒருவர் துண்டை ஆட்டிக் கத்தினார்: "யோவ், ராணி மூஞ்சிக்கு மேட்டூரைத் திறந்து விடுங்கய்யா, பாளம் பாளமா வெடிச்சுக் கிடக்கு!"

கூட்டம் சிரித்து அடங்கப் பாதிப் பாட்டு போய்விட்டது. செட் ஓனர் துரைராஜ் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். பிரகாஷ் என்று ஒரு புதுப்பையன், இருபது வயசுக்குரிய வழவழப்பான முகம், பின்னாலேயே நின்றுகொண்டிருந்தான். "இந்தக் கோடைக்குள்ள இன்னொரு தடவை வெடிச்சா ராணி இவன்தான். கலியமூர்த்திகிட்ட நீயே சொல்லிடு."

இலவச வைத்தியம்

முகம் வெடித்தது என்று தெரிந்தால் போதும், ஊரே டாக்டர். ஆர்மோனியக்காரர் தேங்காயெண்ணெய் தடவச் சொன்னார். தடவினேன், புருவம் காது பக்கம் பயணம் போனது. மைக்செட் தம்பி யூடியூப்பில் ஒரு பெண்ணைக் காட்டினான். அவள் ஏசி அறையில் உட்கார்ந்து, தலையைக்கூட அசைக்காமல், "நாள் முழுக்க நிற்கும்" என்றாள். அவளை ஒரு நாள் எங்கள் தகரக் கொட்டகையில் உட்காரவைத்துப் பார்க்க வேண்டும்.

கடைசியாக வந்தவர் ஊர்க் கமிட்டியில் இருந்த ஒரு கட்டட மேஸ்திரி. கலியமூர்த்தியின் தாடையைச் சுவரைத் தட்டிப் பார்ப்பதுபோல் விரலால் தட்டினார். "பூச்சு மேல தப்பில்லப்பா. பூசறதுக்கு முன்னாடி சுவத்துக்குத் தண்ணி காட்டல நீ."

சுணை

எரிச்சலாக இருந்தாலும் மேஸ்திரி சொன்னது சரி. அடியில் தோல் காய்ந்து கிடந்தது. ஏன் என்று தேடிக்கொண்டு வலங்கைமான் பக்கம் கலியமூர்த்தி வேலை பார்க்கும் நெல் கொள்முதல் நிலையத்துக்குப் போனேன். தலையில் மூட்டை, முகமெல்லாம் நெல்லுச் சுணை. அரிக்க அரிக்கத் துண்டால் தேய்க்கிறார். அந்தத் தோலில்தான் சாயங்காலம் இரண்டு தடவை பிளேடு போடுகிறார், அதன்மேல்தான் நான் அப்புகிறேன். முந்தின வாரம் மேடையில் "தாயே" என்று அவருக்கு மாலை போட்ட மிராசுதார், அங்கே சேரில் உட்கார்ந்து, "டேய் ராணி, இந்த மூட்டையைத் தூக்குடா" என்றார்.

நாடகத்தன்று மூட்டை தூக்காதே, பிரகாஷ் காத்துக்கொண்டிருக்கிறான் என்றேன். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து கழுத்துச் சுணையைத் துண்டால் தட்டினார். "மூட்டை தூக்க ஆயிரம் பேர் வருவானுங்கண்ணே. ராணியா நிக்கறப்பதான் இந்த ஊர்க்காரனுங்க வாயில எனக்கு மரியாதை வருது. அதையும் புடுங்கிட்டா நான் எங்க போய் நிக்க?"

வெடிக்காத முகம்

அதற்கப்புறம் ஒழுங்காகச் செய்தேன். முதலில் ஈரத்துணி ஒத்தடம், பிறகு கிரீம், அது ஊறுகிறவரை காத்திருப்பு. தாடிப் பச்சையை மறைக்க அதன்மேல் ஆரஞ்சு லிப்ஸ்டிக். மேலே பவுண்டேஷன் வெங்காயத் தோல் கனம்தான், தேய்க்காமல் ஒற்றி எடுத்தது. வாயோரத்தில் பவுடரே இல்லை. இவ்வளவோடு நின்றிருக்கலாம். பயம் விடவில்லை. "சிரிக்காதே, வாயை அகலமாத் திறக்காதே, அழுதாலும் கண்ணால மட்டும் அழு" என்று சட்டம் போட்டேன்.

அடுத்த ஊரில் முகம் கண்ணாடிபோல் இருந்தது. மகன் பிணத்தின் முன்னால் ராணி, பஸ்ஸுக்கு நிற்கிறவர்போல நின்றார். ஓனருக்கு முகம் கடுத்தது. திரை ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்மணி என் சட்டையைப் பிடித்து இழுத்தார். "ஏன் தம்பி, புள்ள செத்த சேதிய அந்தம்மாகிட்ட இன்னும் யாரும் சொல்லலையா?"

தோழி

கும்பகோணத்தை ஒட்டின ஒரு ஊரில் அந்தக் கோடையின் கடைசி நாடகம். ஓனர் இந்தத் தடவை பிரகாஷுக்கும் ராணி வேஷம் கட்டிவிட்டு ஓரத்தில் தயாராக நிறுத்தியிருந்தார். வெடித்தால் அடுத்த காட்சிக்கு அவன். கலியமூர்த்தியிடம், "என் சட்டத்தையெல்லாம் தூக்கிக் குப்பையில போடு. அழுதுடு" என்றேன்.

அழுதார். அப்பா, அப்படி ஓர் அழுகை! ஒப்பாரிப் பாட்டின் மூன்றாவது அடியிலேயே வாயோரம் கோடு விட்டது. முன்வரிசையில் போன்கள் உயர்ந்தன. ஓனர் பிரகாஷின் தோளில் கை வைத்தார். கொடியில் ஒரு பச்சைச் சேலை தொங்கிற்று. அதை முக்காடாகப் போட்டு, ஈரப் பஞ்சையும் கிரீமையும் துளி பவுண்டேஷனையும் உள்ளங்கையில் மறைத்துக்கொண்டு, "ஐயோ மகாராணி!" என்று மேடைக்கு ஓடினேன். ராணி என் தோளில் சாய்ந்தார். வெடித்த இடத்தில் ஈரப் பஞ்சை வைத்துப் பழைய பூச்சை எடுத்தேன். பொட்டு கிரீம். புதுப் பூச்சை விரல் நுனியால் ஒற்றினேன்.

"அண்ணே, என் வேஷம் போயிடுச்சா?" என்று காதோரம் கேட்டார்.

"போகல. நீ அழு."

கூட்டத்தில் ஒரு பெரியம்மா குரல் கணீரென்று வந்தது: "புள்ளைய பறிகொடுத்தவ அழறா, சரி. அந்தத் தோழிக்கு என்னடி அவசரம், மீசையக்கூட எடுக்காம ஓடியாந்திருக்கா?"

பந்தலே குலுங்கியது. ராணி மட்டும் குலுங்கவில்லை. அந்தச் சிரிப்பின் மேலேயே அடுத்த அடியை எடுத்தார். இரண்டு வரிக்குள் பந்தல் அமைதியானது. கேலி பண்ணின பெரியம்மாவே முந்தானையால் மூக்கைச் சிந்தினார்.

நான் உள்ளே வந்தபோது பிரகாஷும் அழுதுகொண்டிருந்தான். அவன் மை கன்னம் வழியாக ஓடி, பவுடர் பாளம் பாளமாய்ப் பெயர்ந்திருந்தது. ஓனர் அவனைப் பார்த்தார், மேடையைப் பார்த்தார், கடைசியில் என் முக்காட்டைப் பார்த்தார். "ராணி கலியமூர்த்தியே இருக்கட்டும்யா. நீ அடுத்த நாடகத்துக்கு மீசைய எடுத்துட்டு வந்துடு."

அழுகிற முகம் வெடிக்கத்தான் செய்யும் என்ற உண்மையைக் கண்டுபிடித்ததற்காக எனக்குக் கிடைத்த பரிசு, இந்த வயசில் வசனமே இல்லாத ஒரு தோழி வேஷம்.