எர்த் குழி வைரவர்

எழுபதுகளில் திருகோணமலைத் துறைமுகத்தை ஒட்டியிருந்த பெரிய ஐஸ் தொழிற்சாலையொன்றில் நான் மின்சார வேலை பார்த்தேன். கச்சான் காற்று வீசும் ஒரு காலத்தில், தினமும் காலை பத்து மணிக்கு மெயின் சுவிட்ச் தானாக விழத் தொடங்கியது. எங்கோ மின்சாரம் நிலத்துக்குள் கசிகிறது என்று அர்த்தம். ஐஸ் கரைந்தது. மீன்பிடி வள்ளக்காரர்கள் வாசலில் நின்று கத்தினார்கள்.

மனேஜர் என்னைக் கூப்பிட்டார். "வெள்ளிக்கிழமைக்குள்ள பிழையைப் பிடியும். இல்லாட்டி வேற இடம் பாரும்."

வீட்டில் மூன்று பிள்ளைகள். மோட்டர், பம்ப், கேபிள் என்று ஒவ்வொன்றாகக் கழற்றிச் சோதித்தேன். ஒன்றிலும் பிழை இல்லை.

வியாழன் பத்து மணியளவில், வெறுத்துப்போய்ப் பின்பக்கம் நடந்தேன். கசியும் மின்சாரத்தை நிலத்துக்குள் இறக்கும் எர்த் குழியடியில், ஐஸ் இழுக்கும் தொழிலாளர்கள் பத்துப்பேர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்பி நின்றார்கள்.

அந்தக் குழி நான் வெட்டுவித்தது. செப்புத் தகட்டைப் புதைத்து, உப்பும் கரியும் போட்டு, நிலம் காயாமலிருக்கக் காலையில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றுவேன். சட்டை நனையுமென்று அதைக் கழற்றிவிட்டுத்தான் ஊற்றுவது. இவர்கள் அதை அபிஷேகம் என்று முடிவுகட்டியிருந்தார்கள். வெளியே நீட்டிக்கொண்டிருந்த செப்புப் பட்டிக்குக் குங்குமம், செவ்வரத்தம்பூ, வடைமாலை.

ஒருவர் பல்ப் ஒன்றைச் செப்புப் பட்டியில் முட்டப் பிடித்து, அதன் வயரைச் சுவர் பிளக்கில் செருகினார். பல்ப் ஒருகணம் மின்னியது. தொழிற்சாலை முழுவதும் அடங்கியது.

"வைரவர் கண் திறந்திட்டார்!"

"மற்ற வயர் எங்கை?" என்றேன்.

"ஒரு வயர்தான் கிடைச்சுது, அண்ணை. மற்றதை வைரவரிட்டையே எடுத்திட்டம்."

நான் தேடிய கசிவு இதுதான்.

"கரண்ட் போறது தெரியேல்லையோ?"

"ஓம், அவர் கண் திறந்தால் மற்றதெல்லாம் அடங்கத்தானே வேணும்."

யாரை ஏசுவது? பூசாரியே நான்தானே. வெளியில் சொன்னால் பத்துப்பேருக்கும் வேலை போகும். பல்புக்கு ஒழுங்காக இரண்டு வயர் இழுத்துக் கொடுத்தேன்.

வெள்ளி பத்து மணிக்குச் சுவிட்ச் விழவில்லை. மனேஜர் காரணம் கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் ஒரு தொழிலாளி முந்திக்கொண்டார். "வைரவர் மனமிரங்கிட்டார், ஐயா. இப்ப கண்ணை மூடுறேல்லை."

மனேஜர் குழியடிக்குப் போய்ச் செருப்பைக் கழற்றினார், தேங்காய் உடைத்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நீர் நாலு நாளாக் கழற்றிப் பூட்டியும் ஏலாததை இவர் ஒரு நாளிலை முடிச்சிட்டார். பிறகு நீர் என்னத்துக்கு?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. வாசல்வரை நடந்திருப்பேன், மனேஜர் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். வைரவருக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டுமாம். அதே சம்பளம். சுவிட்ச் பலகையில் கை வைக்கக்கூடாது, அது மட்டும்தான் நிபந்தனை.