கேஸ்கட்டில் மூடிய ஓட்டை

அன்று நான் சொல்லாதது இதுதான்: "பாஸ், நீங்கள் அதைத் தலைகீழாக வைத்திருக்கிறீர்கள்."

சிநேகிதிகள் நாம் ஐவரும் மாறி மாறி எழுதும் இந்தக் கொப்பி என்னிடம் வர இரண்டு மாதம் ஆகிவிட்டதால், கதையை முடிவோடு சேர்த்தே எழுதுகிறேன்.

மார்கழியில் எங்கள் காரின் ஹெட் கேஸ்கட் போய்விட்டது.

(எஞ்சினுக்கும் அதன் மூடிக்கும் நடுவே கிடக்கும் செப்புத் தகடுதான் கேஸ்கட். எங்களுக்குக் காரை விற்ற மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத் துரை கூடவே தந்த கைநூலில் படித்தேன். வாசிக்கக் கதைப் புத்தகம் இல்லாத கிழமை அது.)

வெள்ளவத்தைச் சந்தையருகே ஆவி விட்டுக்கொண்டு நின்றது கார். எஞ்சின் எண்ணெயைப் பார்த்தால், தண்ணீர் கலந்து பால்தேத்தண்ணி நிறம்.

அம்மா அன்றே தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"இஞ்ச பாருங்கோ, இன்னொருக்கா கொதிச்சா இதைத் தெமட்டகொடைப் பழைய இரும்புக் கடைக்குக் குடுத்திடுங்கோ. நடுத்தெருவில நிண்டு தள்ள ஏலாது."

"நீர் எப்ப தள்ளினனீர்?" என்றார் அப்பா.

"பாத்துக்கொண்டு நிக்கிறதும் வேலைதான்."

அப்பா மறுக்கவில்லை. ஆனால் தை பிறந்ததும் எனக்குக் கார் ஓட்டப் பழக்குவதாக அவர் சொல்லியிருந்தார். கார் இரும்புக் கடைக்குப் போனால் அந்தப் பேச்சும் அதோடு போய்விடும்.

கொட்டாஞ்சேனையிலிருந்து ட்ராமும் ரயிலும் ஏறி மெக்கானிக் அந்தோனி பாஸ் வந்தார். இந்தக் காருக்குக் கடைகளில் புதுக் கேஸ்கட் இல்லையாம். உடைத்துப் போட்ட ஒரு காரிலிருந்து கழற்றி எடுத்து வந்திருந்தார். அதை அம்மாவின் அடுப்பில் சிவக்கக் காய்ச்சி, வாளித் தண்ணீரில் முக்கினார்.

"இப்பிடிச் செஞ்சாத்தான் செம்பு இளகும். நல்லாப் படியும்."

"என்ர குசினிக்கு இது ஒண்டுதான் குறை," என்றார் அம்மா.

பிறகு தகட்டை எஞ்சின்மேல் வைத்தார். ஒவ்வொரு போல்ட்டும் சரியாகத்தான் நுழைந்தது. ஆனால் கைநூலின் படத்தில் பின்பக்கம் பெரிய ஓட்டை ஒன்று உண்டு. இங்கே அந்த இடத்தைச் செம்பு மூடிக் கிடந்தது.

நேரே சொன்னால் பாஸுக்கு அவமானம். அப்பா என்னை உள்ளே போகச் சொல்லுவார். நான் போனபின் மூடியைப் போட்டு இறுக்கிவிடுவார்கள்.

ஆகவே கேள்வி கேட்டேன்.

"பாஸ், எஞ்சின்ர பின்பக்கத்தில ஒரு பெரிய ஓட்டை இருந்ததே, அது எதுக்கு?"

"அதாலதான் தங்கச்சி தண்ணி மேல மூடிக்குப் போறது. அது அடைபட்டா எல்லாம் கொதிச்சிப் போகும்."

"அப்ப தண்ணி இந்தத் தகட்டுக்குள்ளால எப்பிடிப் போகும்?"

காட்டுவதற்கு விரலை நீட்டினார். விரல் செம்பின்மேல் நின்றது.

அப்பா குறுக்கிட்டார். "பிள்ளை, அவரை வேலை செய்ய விடும்."

பாஸ் துணியில் கையைத் துடைத்தார். தகட்டை எடுத்தார். புரட்டி வைத்தார். ஓட்டைக்கு நேரே ஓட்டை வந்தது.

"ஓம் ஐயா. தங்கச்சி கேள்வி கேட்டுக் கேட்டு எனக்கு வேலை பிந்துது."

அப்பா என்னை முறைத்தார். (இந்தக் கொப்பியை அவர் வாசிப்பதில்லை.)

பாஸ் மூடியைப் போட்டு, நடுவிலிருந்து தொடங்கி வெளிப்பக்கமாக நட்டுகளை இறுக்கினார். மத்தியான வெயிலில் கல்கிசைவரை போய்த் திரும்பினோம். கொதிக்கவில்லை. அம்மா பிறகு இரும்புக் கடையைப் பற்றிக் கதைக்கவில்லை. தையில் நான் ஓட்டப் பழகினேன்.

போன கிழமை பிரேக் வேலைக்கு பாஸ் வந்தபோது நான் வீட்டில் இல்லை. அவர் வாசலிலேயே நின்று அப்பாவிடம் கேட்டாராம்.

"தங்கச்சி நிக்கிறாவா?"

"இல்லை, சிநேகிதி வீட்ட போயிட்டா. ஏன்?"

"அப்ப நாளைக்கு வாறன் ஐயா."

வேலைக்கு வந்த மனிதர் ஏன் திரும்பிப் போனார் என்பது அப்பாவுக்கு இன்னும் விளங்கவில்லை.

மறுநாள் பாஸ் வந்தார். பிரேக்கைத் திரும்பப் பொருத்தி முடிக்கும்வரை நான் பக்கத்தில் நின்றேன்.